இணைப்பு ஒன்பது

பஸ் டிப்போவில், டிக்கெட் அறைக்கும் டயர் கிடங்குக்கும் நடுவே பத்தடிக்கு எட்டடியில் ஓர் அறை. வாசலில் ‘தவறவிட்ட பொருள்கள்’ என்று பலகை. அதற்குள் இருபத்திரண்டு வருடம் நான்கு மாதமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் இணைப்பு அக்கா.

பஸ்ஸில் எதையாவது விட்டுவிட்டவர்கள் முதல் தடவை தைரியமாகத்தான் வருவார்கள்.

“கறுப்புக் குடைங்க” என்பார் ஒருவர்.

“கறுப்புக் குடை பதினேழு இருக்கு. பிடி வளைஞ்சதா, நேரா?”

“வளைஞ்சதுங்க.”

“பிடியில பல் தடம் இருக்கா?”

“இருக்கும். பஸ்ஸுல நிக்கிறப்போ வாயில கவ்விக்குவேன்.”

“மேல் பல்லா, கீழ்ப் பல்லா?”

ஒரு வாத்தியார் இந்த இடத்தில் எழுந்து, “நான் நனைஞ்சே போயிக்கிறேன் தாயே” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பதிவேட்டில் அதற்கும் ஒரு வரி உண்டு: ‘உரியவர் நனையச் சம்மதித்தார்.’

இணைப்பு என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. பதினாறு வருடம் முன்பு காய்ச்சலுக்கு நான்கு நாள் விடுப்புக் கேட்டு அவள் எழுதிய கடிதம் ஒரு பக்கம். அதோடு மூன்று இணைப்புகள். முதலாவது டாக்டர் சீட்டு. இரண்டாவது தின்று தீர்ந்த மாத்திரையின் காலி அட்டை. மூன்றாவது, நான்கு நாளும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்த காய்ச்சல் அளவு, கோடு போட்ட தாளில். டிப்போ மேனேஜர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போய்க் காட்டினார். சாயங்காலத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. பஸ் ஓட்டும் அவளுடைய வீட்டுக்காரர்கூட, கோபம் வந்தால் மட்டும், “இதுக்கு இணைப்பு ஏதாவது இருக்கா?” என்று கேட்பார்.

அந்த வீட்டுக்காரருக்கு ஒரு தங்கை. கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டுப் போனவள். அங்கே ஒரு மலையடி ஊரில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். இரண்டு அறை உள்ள ஓட்டுக் கட்டடம்தான் பிரசவ விடுதி. போன வருடம் மட்டும் அதில் இருநூற்றுப் பதினான்கு குழந்தைகள் பிறந்தன. கூரைக்கு வயது அறுபத்தொன்று. அந்த மாவட்டச் சுகாதார அதிகாரி நேரில் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த மழைக்குள் கூரையை மாற்றாவிட்டால் கட்டடத்தைப் பூட்டிவிடுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பூட்டினால், இடுப்பு வலி எடுத்தவள் முப்பத்தொரு கிலோமீட்டர் போக வேண்டும். வழியில் ஓர் ஆறு, ஒரு மலை ஏற்றம். பஸ் ஒன்றே ஒன்று, அதுவும் கோழிக்கூடைகளோடு.

இங்கே அரசாங்கத்தில் ஒரு சிறு மானியத் திட்டம் இருந்தது. வெளிநாட்டில் ஏதாவது ஓர் ஊருக்கு உதவ நினைக்கும் உள்ளூர்ச் சின்னச் சங்கங்களுக்குக் கொடுப்பது. சங்கம் வேண்டுமே என்று ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார்கள். தலைவர், சலவைக் கடைக்காரர். சட்டைக் காலரை மரப்பலகை மாதிரி விறைக்க வைப்பதால் தெரு முழுக்க அவருக்குக் ‘கஞ்சி’ என்று பெயர். அவரைத் தலைவராக்கியதற்குக் காரணம் தலைமைப் பண்பு அல்ல. அவருடைய இஸ்திரி அறையில் ஆறு நாற்காலிகள் இருந்தன. ஏழாவது ஆள் இஸ்திரி மேசை மேல் உட்காரலாம், சூடு ஆறிய பிறகு. செயலாளர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதல் விண்ணப்பம் தள்ளுபடி. ‘திட்டத்தின் தேவையை இருநூறு சொற்களுக்குள் விளக்குக’ என்ற கட்டத்துக்கு அக்கா ஆயிரத்து நூற்று நாற்பது சொற்கள் எழுதியிருந்தாள். கட்டத்துக்குள் அடங்கவில்லையென்று தாளை ஒட்டி, அதை நான்காக மடித்து வைத்திருந்தாள். பிரித்தால் மேசையை விட்டுத் தொங்கும்.

இரண்டாவதும் தள்ளுபடி. அந்த முறை சொற்களைக் கச்சிதமாக எண்ணி எழுதியிருந்தாள். ஆனால் ‘எதிர்பார்க்கும் இடையூறுகள் யாவை’ என்ற கேள்விக்கு எல்லாரும் இரண்டு மூன்று எழுதும் இடத்தில் நாற்பத்தொன்று எழுதினாள். இருபத்தேழாவது: ‘தச்சர் கோபித்துக்கொண்டு போய்விடலாம் (ஏற்கெனவே இரு முறை போயிருக்கிறார்).’ இவ்வளவு ஆபத்து நிறைந்த பணிக்கு அரசுப் பணத்தைக் கொடுக்க இயலாது என்று பதில் வந்தது.

மூன்றாவது முறையும் தள்ளுபடியானால் அந்தச் சங்கம் மூன்று வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இது விதி. மூன்று வருடத்தில் அந்தக் கதவில் பூட்டு துருப்பிடித்திருக்கும்.

இந்தத் தடவை படிவத்தில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: ‘தற்போதைய நிலையைக் காட்டும் நான்கு புகைப்படங்கள்.’ அக்காவுக்கு அதைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. ஒழுகும் கூரையைப் படம் பிடித்தால் யார் மறுக்க முடியும்? நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

“போட்டோவா அண்ணி? யாரு பாப்பாங்க?”

“கவர்ன்மென்ட்டுல பாப்பாங்கம்மா. பெரிய பெரிய ஆபீசர் எல்லாம்.”

“எப்போ வேணும்?”

“மாசக் கடைசிக்குள்ள. நாலே நாலு. வெளிய ஒண்ணு, கூரை ஒண்ணு, உள்ள ஒண்ணு, ஆளுங்களோட ஒண்ணு.”

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க கவலைப்படாதீங்க.”

பெரிய ஆபீசர்கள் என்று சொல்லியிருக்கவே கூடாது என்று பிற்பாடு அக்கா பல தடவை நினைத்துக்கொண்டாள்.

மார்ச் இருபத்திரண்டாம் தேதி படங்கள் வந்தன. அன்று மாலை இஸ்திரி அறையில் கூடி, ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

வெளிச்சுவரில் வெள்ளையடித்த ஈரம் இன்னும் மினுங்கியது. வாசலின் இரு பக்கமும் மும்மூன்று பூந்தொட்டிகள். உள்ளே நான்கு ஜன்னலிலும் பூப்போட்ட திரைச்சீலை. தேக்குக் கட்டில், மடிப்புக் கலையாத விரிப்பு. சுவரில் பெரிய கடிகாரம். கூரைப் படம் என்று வந்ததில், இருந்ததிலேயே ஒழுங்கான ஒரு மூலையில் எட்டு ஓடுகள், குளிப்பாட்டிவிட்ட மாதிரி. கடைசிப் படத்தில் கட்டிலில் ஒரு பெண் சாய்ந்திருக்க, பக்கத்தில் நாத்தனார் விறைப்பாக நின்று ஒரு குழந்தையை ஏந்தியிருந்தாள்.

“என் மூட்டு ஆபரேஷனை இங்கேயே வெச்சுக்கலாம்போல இருக்கே” என்றார் கஞ்சி.

“அண்ணே, சும்மா இருங்க.”

“இல்ல தங்கச்சி, அந்தக் குழந்தையப் பாரு. சிரிக்குது. கீழ ரெண்டு பல்லு தெரியுது. பிறக்கும்போதே பல்லோட பிறக்குது. நல்ல சத்தான ஊரு.”

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பல் இருந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அங்கிருந்தே போன் போட்டாள்.

“ஏம்மா, கூரை ஒழுகுறதை எடுத்து அனுப்பச் சொன்னா என்ன பண்ணி வெச்சிருக்கே?”

“ஒழுகுற இடத்துல நின்னு யாராவது போட்டோ எடுப்பாங்களா அண்ணி? உங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தா, அடுப்படியைத் தொறந்து காட்டுவீங்களா?”

“இது பொண்ணு பாக்கறது இல்ல. மானியம்.”

“ரெண்டும் ஒண்ணுதான். அவங்க பாத்துட்டுப் பிடிச்சா குடுப்பாங்க.”

“பிடிக்கக் கூடாதும்மா. பாத்துட்டுப் பரிதாபப்படணும்.”

“பரிதாபமா?” நாத்தனாரின் குரல் ஒரு படி ஏறியது. “இருபது வருஷமா இந்த ரூம்ல ஒரு தாயைக்கூட நான் விட்டதில்ல. அதைக் காட்டச் சொல்லுங்க, காட்டறேன். பரிதாபம் எல்லாம் என்கிட்ட ஸ்டாக் இல்ல.”

“சரி, கூரையை மட்டுமாவது இன்னொரு தடவை...”

“இங்க வெயில் மண்டையப் பொளக்குது அண்ணி. இப்போ ஒழுகுன்னா எப்படி ஒழுகும்? கூரைக்கும் மரியாதை தெரியும்.”

போன் வைக்கப்பட்டது. அக்கா வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். “உங்க தங்கச்சிதானே. நீங்களே பேசுங்க.”

“எனக்கு ஏழே காலுக்கு வண்டி எடுக்கணும்” என்றார் அவர். அப்போது மணி ஆறு முப்பத்தைந்து, டிப்போ எதிர்த்தெருவில்.

கஞ்சிக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. கடைக்குப் பின்னால் அழுக்குத் துணி போட்டு வைக்கும் கொட்டகை ஒன்று உண்டு. கூரையில் ஆகாயம் தெரியும். சுவரில் பாசி உலக வரைபடம் மாதிரி படர்ந்திருக்கும். “அதைப் படம் எடுத்து அனுப்பிடலாம். கூரைன்னா கூரைதானே. எந்த நாட்டுக் கூரைன்னு அதுல எழுதியா ஒட்டியிருக்கு?”

“அது பொய் அண்ணே.”

“நம்ம பொய் சொல்லலியே. போட்டோதானே சொல்லுது.”

அக்கா மறுத்தாள். மறுத்துவிட்டு, எதற்கும் பார்த்து வைப்போம் என்று கொட்டகைக்குள் போய் ஒரு படம் எடுத்தாள். அருமையாக வந்திருந்தது. எந்த அதிகாரியும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இரண்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய்யான அடையாளம் சொன்னவனுக்கு இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கைக்குட்டைகூட எடுத்துக் கொடுத்ததில்லை. அந்த மனசாட்சி அவளைக் கொஞ்சம் உறுத்தியது. அதைவிடவும் உறுத்தியது, படத்தின் ஓரத்தில் ‘ஒரே நாளில் சலவை’ என்ற பலகை தலைகீழாகத் தெரிந்ததுதான். அழித்துவிட்டாள்.

விண்ணப்பம் கொடுக்க முப்பத்தொன்றாம் தேதி கடைசி நாள். இருபத்தேழாம் தேதி மதியம், யாரோ விட்டுப்போன பல்செட்டுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது நாத்தனார் போன் செய்தாள். சண்டைக்குப் பிறகு முதல் போன். அதனால் இரண்டு பேரும் வெயில் பற்றியும் முட்டிவலி பற்றியும் பேசினார்கள்.

“எனக்கு நேரமே இல்ல அண்ணி. இந்தச் சாமானையெல்லாம் வீடு வீடாத் திருப்பிக் குடுத்து முடிக்கல இன்னும்.”

“எந்தச் சாமான்?”

“போட்டோவுக்கு வாங்கினதுதான். இருபத்திமூணு சாமான். பூந்தொட்டி பேங்க்ல. கடிகாரம் தபாலாபீஸ்ல. யாருக்கு எதுன்னு எழுதி வெச்சதால தப்பிச்சேன்.”

அக்கா பல்செட்டைக் கீழே வைத்தாள். “எழுதி வெச்சிருக்கியா?”

“எழுதாம? ஒருத்தர் தலகாணியை இன்னொருத்தருக்குக் குடுத்தா ஊரே ரெண்டாயிடும்.”

“அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.”

“எதுக்கு?”

“நன்றி சொல்லத்தான்” என்றாள் அக்கா. அந்த நிமிடத்தில் அது உண்மையும்கூட.

நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் வந்தன. சின்னச் சின்ன எழுத்து; அடித்தல் இல்லை.

‘கட்டில் 1: பள்ளிக்கூட டீச்சர். தூக்கி வந்தவர்கள் நாலு பேர், தேநீர் கொடுத்தாயிற்று.

விரிப்பு 2, தலையணை 2: அதே வீடு. ஒரு தலையணையில் மை பட்டுவிட்டது, இன்னும் சொல்லவில்லை.

திரைச்சீலை 4: தையல்காரி. வேறு வீட்டுக்குத் தைத்தவை. அவர்கள் சனிக்கிழமை கேட்கிறார்கள்.

சுவர்க் கடிகாரம் 1: தபாலாபீஸ். காலை எட்டு முதல் மதியம் வரை அங்கே மணி தெரியவில்லை என்று ஒரே கூச்சல்.

எடை மெஷின் 1: மளிகைக் கடை. வெங்காயத் தோல் துடைத்தது.

நர்ஸ் செருப்பு 1 ஜோடி: டீச்சர். ஒரு சைஸ் சின்னது.

பாய் 3: வாத்தியார் வீடு. தரையை மறைக்க.’

அக்கா கடைசி வரியில் நின்றாள். மறுபடி போன் போட்டாள்.

“தரையை எதுக்கு மறைச்சே?”

“வட்டம் இருக்கே.”

“என்ன வட்டம்?”

“வாளி வைக்கிற வட்டம். மழை வந்தா எங்கெங்க ஒழுகுதுன்னு அண்ணாந்து பாத்துட்டு நிக்க முடியுமா? கையில குழந்தை தலை வந்துட்டிருக்கும். அதனால பெயிண்ட்ல வட்டம் போட்டு நம்பர் எழுதிட்டேன். ஒண்ணாம் நம்பர்ல பெரிய வாளி, மூணுலயும் நாலுலயும் கிண்ணம். யாரைக் கூப்பிட்டாலும், ‘ஏழுக்கு வாளி வை’ன்னா வெச்சிடுவாங்க.”

“மொத்தம் எத்தனை வட்டம்?”

“பதினொண்ணு. கட்டிலுக்கு மேல ஒழுகறதுக்கு வட்டம் போட முடியாது, அங்க குடை கட்டியிருப்பேன். போட்டோவுக்காக அவிழ்த்து வெச்சேன்.”

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். நாத்தனார் என்றால் வாய் நீளம், பிடிவாதம், அண்ணனிடம் செல்லம் என்றுதான் நினைத்திருந்தாள். ஒழுகலுக்கு நம்பர் போடுகிறவள் தன் புகுந்த வீட்டிலேயே இருந்தது தெரியாமல் போய்விட்டது.

“இந்தப் பட்டியலை மனுவோட சேக்கப்போறேன்” என்றாள்.

“என்னது? நான் தலகாணி இரவல் வாங்கினதை ஊருக்கெல்லாம் சொல்லப்போறீங்களா?”

“ஊருக்கு இல்ல. கவர்ன்மென்ட்டுக்கு.”

“அது அதைவிட மோசம்.”

“இங்க பாரும்மா. போட்டோ ஒண்ணையும் மாத்த மாட்டேன். நீ எப்படி நிக்கணும்னு நெனச்சியோ அப்படியே நில்லு. பின்னாடி ஒரு தாள் மட்டும் வரும். என்னென்ன கொண்டுவந்தே, என்னென்ன வெளிய எடுத்து வெச்சேன்னு. உள்ளதை உள்ளபடி.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “போட்டோ முன்னாடி இருக்கணும்.”

“முன்னாடிதான்.”

“தாள் பின்னாடி.”

“இணைப்புன்னாலே பின்னாடிதான்மா.”

“அப்போ சரியா எழுதுங்க. அரைகுறையா எழுதி என் பேரைக் கெடுக்காதீங்க. ஒண்ணு விட்டுப்போச்சு. இருபத்திநாலாவது.”

“என்ன அது?”

“குழந்தை.”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு ரூம்ல குழந்தையே இல்ல அண்ணி. கட்டில்ல இருந்தவளுக்கு இன்னும் நாள் இருந்துச்சு. இருந்த ஒண்ணும் முந்தின நாள் வீட்டுக்குப் போயிடுச்சு. பிரசவ ரூம்ல குழந்தை இல்லேன்னா லாட்ஜ் மாதிரி இருக்காது? அதான் தபால்காரர் வீட்டுலேர்ந்து வாங்கினேன். ஆறு மாசம். வாயை மூடிட்டு இருடா ராசான்னு சொன்னேன், சிரிச்சுட்டான்.”

அப்படித்தான் இணைப்பு ஒன்பது உருவானது. நான்கு பத்தி: பொருள், உரியவர், பெற்ற நேரம், திருப்பிய நேரம். கீழே இன்னொரு தலைப்பு, ‘படம் எடுக்கும்முன் அறையிலிருந்து அகற்றப்பட்டவை’: வாளி ஆறு, கிண்ணம் ஐந்து, குடை ஒன்று. அவை இருந்த வட்டங்களின் எண்கள் பக்கத்திலேயே. முப்பத்தொன்றாம் தேதி காலை பத்தரைக்குக் கஞ்சி தானே கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கோப்பு அட்டைக்கும் அவர் லேசாக இஸ்திரி போட்டிருந்தார்.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி, மதியம் இரண்டு பத்துக்கு, அக்காவின் மேசைப் போன் அடித்தது. மானிய அலுவலகம். ஈரப்பசையே இல்லாத ஓர் ஆண் குரல்.

“இணைப்பு ஒன்பது நீங்க தயாரிச்சதா?”

“ஆமா சார்.”

“படங்களைப் பாத்துட்டு, வசதியான இடம்னு தள்ளுபடிக்கு எழுதிட்டேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பின்பக்கம் திருப்பினேன்.”

அக்கா பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

“கூரையைப் பத்தி எனக்கு இப்போ சந்தேகம் இல்ல” என்றது குரல். “வரிசை எண் இருபத்திநாலுலதான் சந்தேகம். குழந்தை ஒன்று. பெற்ற நேரம் காலை பத்து இருபது. திருப்பிய நேரம் காலியா இருக்கு.”

அக்கா தன்னிடமிருந்த நகலைப் புரட்டினாள். மற்ற இருபத்துமூன்றுக்கும் நேரம் இருந்தது. செருப்புக்கு இருந்தது. வெங்காய மெஷினுக்கு இருந்தது. குழந்தைக்கு இல்லை. கடைசியில் வாயால் சொன்னதால், எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதிவிட்டாள். சிரித்துக்கொண்டு எழுதியதில் பிழை வந்துவிட்டது.

“கட்டாயம் திருப்பிக் குடுத்திருப்பாங்க சார்.”

“நானும் அப்படித்தான் நம்பறேன். ஆனா நம்பிக்கையைக் கோப்புல சேக்க முடியாது. ஓர் அரசு மானியக் கோப்புல திருப்பாத குழந்தை ஒண்ணு இருந்தா, நாளைக்குத் தணிக்கையில என்னைத்தான் கேப்பாங்க. அஞ்சு மணிக்குக் கோப்புகள் குழுவுக்குப் போகுது. அதுக்குள்ள எழுத்துல வந்தா சேத்துடறேன். வரலேன்னா...”

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. இரண்டு இருபதுக்கு ஒரு தடவை, இரண்டரைக்கு ஒரு தடவை, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் பதிவேட்டின் ஓரத்தில் குறித்தாள். மூன்று மணிக்கு ஒரு பெண் பை தேடி வந்தாள். “பச்சைப் பை அக்கா, வார் அறுந்தது” என்று அவள் சொன்னதும், அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் பயந்துபோய், “அக்காவுக்கு உடம்பு சரியில்ல” என்று டிக்கெட் அறையில் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றேமுக்காலுக்கு வீட்டுக்காரர் வண்டியை விட்டுவிட்டு வந்தார்.

“உங்க தங்கச்சி போனை எடுக்க மாட்டேங்கிறா. குழந்தை விஷயமா கேக்கணும்.”

“யாரு குழந்தை?”

“தபால்காரர் குழந்தை. உங்க தங்கச்சி இரவல் வாங்கினது.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “எங்க வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாதே” என்றார். ஆனால் அன்று ஏழே கால் வண்டியை ஞாபகப்படுத்திக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தன் போனிலிருந்தும் முயன்றார்.

நான்கு முப்பத்தெட்டுக்கு அவள் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

“பொண்ணு அண்ணி! மூணு கிலோ நூறு. ஒரே புரட்டு, வெளிய வந்துட்டா. ஆமா, ஏன் நாப்பது தடவை அடிச்சிருக்கீங்க? அண்ணனுக்கு ஏதாவதா?”

“அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. அந்தக் குழந்தையத் திருப்பிக் குடுத்தியா?”

“எந்தக் குழந்தை? இப்பதானே பிறந்துச்சு.”

“பல்லு முளைச்ச குழந்தை. தபால்காரர் வீட்டுக் குழந்தை. போட்டோக் குழந்தை!”

“ஐயோ, அவனா? அன்னிக்கே குடுத்துட்டேனே. பதினொண்ணேகாலுக்கு. ஒரே அழுகை. அந்தக் கலவரத்துல எழுதல.”

“பதினொண்ணேகால்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றே?”

“தபாலாபீஸ் கடிகாரம் என் சுவத்துலதானே இருந்துச்சு.”

அக்கா மின்னஞ்சல் எழுதி நான்கு நாற்பத்தாறுக்கு அனுப்பினாள். நான்கு நாற்பத்தொன்பதுக்கு அந்த ஈரமில்லாத குரல் மறுபடி வந்தது.

“பதினொன்றேகால், எந்த நாட்டு நேரம்?”

“அந்த நாட்டு நேரம் சார். நம்ம நேரம் ஒன்பது நாற்பத்தஞ்சு. ரெண்டும் அடைப்புக்குறியில போட்டிருக்கேன், ரெண்டாவது வரியில பாருங்க.”

தாள் புரளும் சத்தம்.

“இருக்கு” என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, “தலைகாணியில மை பட்டதை டீச்சர்கிட்ட சொல்லிட்டாங்களா?”

“அது தெரியலை சார்.”

“சொல்லிடச் சொல்லுங்க. அது கோப்புக்காக இல்ல. நானாக் கேட்டேன்.”

மே மாதம் ஒன்பதாம் தேதி மானியம் வழங்க உத்தரவு வந்தது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது: வேலை முடிந்தபின் அனுப்பும் படங்களில் சங்கத்துக்குச் சொந்தமல்லாத பொருள் எதுவும் இடம்பெறக் கூடாது, நபர்கள் உட்பட. கஞ்சி அதை உரக்கப் படித்துவிட்டு, “அப்போ உன் நாத்தனாரே படத்துல நிக்க முடியாதே, தங்கச்சி” என்றார். அக்கா அதற்கு விளக்கம் கேட்டு எழுதினாள். ‘செவிலியர் நிற்கலாம்’ என்று ஒரு வரிப் பதில் வந்தது.

ஆகஸ்டில் பழைய ஓடுகள் இறங்கின. செப்டம்பர் இருபதுக்குள் தகரக் கூரை ஏறியது. சுகாதார அதிகாரி மறுபடி வந்து அண்ணாந்து பார்த்து, பூட்டைக் கொண்டுவந்த பையோடு திரும்பிப் போனார் என்று நாத்தனார் சொன்னாள். பையில் பூட்டு இருந்தது அவளுக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டாள். “சத்தம் கேட்டுச்சு” என்றாள்.

அக்டோபர் பதினான்காம் தேதி, சாயங்காலம் நாலரைக்கு, அக்கா அறையைப் பூட்டப் போகும் நேரத்தில் போன் வந்தது. எடுத்தால் ஒரே இரைச்சல். ஆயிரம் பேர் தகரத்தின் மேல் கூழாங்கல்லைக் கொட்டுகிற மாதிரி. அதற்கு நடுவே எங்கோ நாத்தனார் கத்துவது தெரிந்தது. என்ன கத்துகிறாள் என்பது தெரியவில்லை.

“ஒழுகுதா?” என்று அக்கா கேட்டாள்.

இரைச்சல்.

“எங்கேயாவது ஒழுகுதான்னு கேட்டேன்!”

மறுபடி இரைச்சல். அவளைக் கூட்டிப்போக வந்திருந்த வீட்டுக்காரர் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். அப்படியே திருப்பிக் கொடுத்தார். அக்கா வைக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, சாவியைக் கையில் பிடித்தபடி, வாசற்படியில் பதினொரு நிமிடம் நின்றாள். பகல் ஷிப்டின் கடைசி பஸ் கழுவப் போய்விட்டது.

சத்தம் அறுந்து, சற்று நேரத்தில் ஒரு செய்தி வந்தது:

‘ஒரு சொட்டு இல்லை அண்ணி. வட்டமெல்லாம் காய்ந்து கிடக்கிறது. ஆனால் இந்தத் தகரம் போடும் சத்தத்தில் நான் முக்கு முக்கு என்று கத்துவது கட்டிலில் இருப்பவளுக்குக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் அவள் புருஷனுக்குத்தான் கேட்கிறது. அவன் முக்கிக்கொண்டிருக்கிறான். இவளுக்குக் கையால் ஜாடை காட்டுகிறேன், தலை தெரிகிறது, பிறகு பேசுகிறேன்.’

அக்கா அதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு இரண்டு பேரும் வீட்டுக்குப் போகாமல், பூட்டிய அறையின் வாசலிலேயே உட்கார்ந்து, ஆணா பெண்ணா என்று தெரிவதற்காகக் காத்திருந்தார்கள்.